தீட்டுப் படாத செடிகள்

அன்று மலையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருந்தேன். எங்கள் கொழுந்துக் கூட்டத்தில் மூத்தவள் இருந்தாள்; அவளை எல்லோரும் பெரியம்மா என்போம். அவளுடைய மருமகள் இருந்தாள், வாய் ஓயாதவள். தாயைப் பறிகொடுத்துப் பத்து நாள்கூட ஆகாத ஒருத்தி இருந்தாள். லயத்து வரிசை வீடுகளில் அவள் எனக்குப் பக்கத்துக் காம்பராக்காரி, அடுத்த அறை. கங்காணி இருந்தார், கொஞ்சம் தள்ளி, குடைக்குள். மலை வேலைக்கு மேலதிகாரியான கண்டாக்கையா காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவரைச் சேர்க்க வேண்டியதில்லை.

என் மகள் இல்லை. அவள் கண்டிப் பக்கம் கெம்பஸில் இருந்தாள். செடிகள் அவளுடையவை.

அவளுடையவை என்றால் தோட்டத்துச் செடிகள்தான். கந்தப்பளைக்கு மேலே எங்கள் தோட்டம். அதில் ஏழாம் நம்பர் மலையின் மூலையில் இருபது செடிகளை அவளுடைய படிப்புக்காக ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

அவள் படித்தது பிரயோக நுண்ணுயிரியல். முதுமாணிப் படிப்பு. முதல் பட்டம் முடித்தவர்கள் அதற்கு மேலே படிப்பது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு நாள் பிடித்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன்.

"ஒம் மக என்னா படிக்கிது?"

"கிருமியப் பத்தி."

"கிருமியக் கொல்லவா?"

"வளக்க."

பெரியம்மாவின் மருமகள் சிரித்தாள். "அதுக்கு எதுக்கு கெம்பஸ் போகணும்? நம்ம லயத்துக் கானுல வளராத கிருமியா?"

எனக்கும் சிரிப்பு வந்தது.

போனில் மகளோடு பேசுவதும் இப்படித்தான் இருக்கும்.

"என்னா செய்ற?"

"கொலனி எண்ணிக்கிட்டு இருக்கேம்மா."

"எந்தக் கொலனி?"

ரோட்டோரம் அரசாங்கம் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்த இடத்தைத்தான் நாங்கள் கொலனி என்போம். அங்கே போய் வீடு எண்ணுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். கண்ணாடித் தட்டில் கஞ்சி மாதிரி ஒன்றை ஊற்றி உறைய வைப்பார்களாம். அதில் கிருமி விழுந்தால் பெருகிப் புள்ளியாகத் தெரியுமாம். ஒரு புள்ளி ஒரு கொலனி. எனக்கு அவ்வளவுதான் விளங்கியது. அதற்குப் பிறகு "இன்னிக்குக் கொலனியில எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பேன். அவளுக்கு அது பிடிக்கும்.

மழை மாதங்களில் எங்கள் மலையில் மூட்டம் இறங்கினால் ஏறாது. அப்போது கொழுந்தில் கொப்புளம் போடும். இளம் இலையில் வட்டமாக எழும்பி, அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த இலை உதவாது. தோட்டத்தில் நீல மருந்து அடிப்பார்கள். மகள் சொன்னது வேறு. நல்ல இலையின் மேல் ஒரு நல்ல கிருமி குடியிருக்கிறதாம். அதை எடுத்து வளர்த்து, தண்ணீரில் கலந்து செடிக்கு அடித்தால் கொப்புளத்தை வர விடாதாம். விடுமா விடாதா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. இருபது செடியில் பாதிக்குக் கிருமித் தண்ணீர், பாதிக்கு வெறும் தண்ணீர். இதையும் அதையும் மாற்றி மாற்றிக் கலந்து வைத்திருந்தாள். ஏன் என்று சொன்னாள். எனக்கு விளங்கவில்லை.

செடி கேட்கப் போனபோது கண்டாக்கையா என்னைப் பார்த்தார்.

"ஒம் மக செடிக்கு டாக்டரா? எனக்கு முழங்கால் வலி. அதுக்கும் ஏதாச்சும் கிருமி இருக்கான்னு கேளு."

"கேக்குறேங்கய்யா."

"மூலையில எடுத்துக்கச் சொல்லு. மருந்தடிக்கிற ஆளுங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அந்த மட்டும் அவர் நல்ல மனிதர்.

செடிகளுக்கு அடையாளம் கட்ட வேண்டும். என் பழைய நைலக்ஸ் சேலைகளை எடுத்துப் போட்டேன். அவள் மஞ்சளை எடுத்தாள். "இதுதாம்மா மூட்டத்துல தெரியும்" என்றாள். கிழித்து, செடிக்கு ஒரு துண்டாகக் கட்டினாள். ஏழு செடி தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே. மற்றவை கானுக்குக் கீழே, பன்னப் புதர் மண்டிய சரிவில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவாள். சனிக்கிழமை விடியும்போதே மலைக்கு ஏறுவாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வாள். கையுறை போட்டு, அதன் மேல் ஸ்பிரிட் தடவுவாள். ஒவ்வொரு செடியிலும் இத்தனை இலை என்று கிள்ளிச் சின்னப் பைகளில் போட்டு மூடுவாள். பேசமாட்டாள். பிறகு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடுவாள்.

பெரியம்மா ஒரு சனிக்கிழமை நின்று பார்த்தாள். "வாயக் கட்டிக்கிட்டுப் பூசாரி பூச பண்ற மாதிரியே இருக்கு" என்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மகள் எல்லோரிடமும் பேசினாள். செடியைத் தொடக் கூடாது என்று சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை.

"மாசு படக் கூடாது" என்றாள். யாரும் அசையவில்லை.

"வேற கிருமி கலந்துறக் கூடாது. கலப்படம் ஆயிரும்."

மருமகள் விடவில்லை. "நாங்க என்ன கடைக்காரவங்களா, கலப்படம் பண்ண?"

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"தீட்டுப் படக் கூடாது பெரியம்மா. அவ்ளோதான்."

எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன பாப்பா?" என்றாள் பெரியம்மா.

அதற்குப் பிறகு அந்தச் செடிகளை ஒரு கை தொடவில்லை. வீட்டுக்கு விலக்கான நாட்களில் பெண்கள் தாங்களாகவே நிரை மாற்றிக்கொண்டார்கள். சிலர் அந்த இடத்தைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கங்காணி வெற்றிலை எச்சிலை வேறு பக்கம் போய்த் துப்பினார். மகளுக்குச் சந்தோஷம். "கெம்பஸ்ல படிச்சவங்ககூட இவ்ளோ சுத்தம் பாக்க மாட்டாங்கம்மா" என்றாள்.

அந்த மழை முடிய ஒரு சனிக்கிழமைதான் பாக்கி. அந்த இலைகளை எடுத்துவிட்டால் அவள் எழுத உட்காரலாம். எடுக்காவிட்டால் அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க அவளுக்கு வழி இல்லை. அவளுடைய அப்பா கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். "இந்த வருஷத்தோட முடிச்சிரு. அதுக்கு மேல என்னால ஏலாது" என்று சொல்லியிருந்தார். அவளும் சரி என்றிருந்தாள். அவர் கோபத்தில் சொல்லவில்லை. ஏலாமல்தான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய நாள்தான் நான் சொல்ல வந்தது.

தாயைப் பறிகொடுத்தவள் கருமாதிக்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டாள். மலைக்கு வந்தால்தான் அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடுவார்கள். பேர் விழுந்தால்தான் கருமாதி. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஓரத்து நிரையைக் கொடுத்தார்கள். அந்த நிரையின் முடிவில்தான் மகளின் செடிகள்.

மூட்டம் கட்டியிருந்தது. மண் வழுக்கியது. நான் மேலே என் நிரையில் இருந்தேன். "ஐயோ" என்று சத்தம் கேட்டது. அவள் சறுக்கி விழுந்து, விழும்போது கானுக்கு மேலே இருந்த ஒரு செடியைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். கையில் மஞ்சள் துணி வந்திருக்கிறது.

பெரியம்மாவின் குரல்தான் முதலில் எழும்பியது.

"அடிப் பாவி! சாவு வீட்டுக் கையாச்சே!"

"வழுக்கிருச்சு பெரியம்மா. வேணும்னு செய்யல."

"அந்தப் பாப்பா எத்தன தரம் சொல்லுச்சு? தீட்டுப் படக் கூடாதுன்னு சொல்லுச்சா இல்லயா?"

அவள் அழுதாள். தாய்க்கு அழுததைவிட அதிகமாக அழுதாள். "பாப்பா பரீட்சையில தவறிப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லயத்துல இருப்பேன்?" என்றாள்.

தீட்டுப் பட்டால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியாதா? மருமகள் கூடையைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள். நான் கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கி வருவதற்குள் குடத்தோடு திரும்பிவிட்டாள். மஞ்சளைக் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். வேப்பிலைக்கு எங்கள் குளிரில் எங்கே போவது? தேயிலைக் கொத்து ஒன்றை ஒடித்துத் தெளிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"வேணாம் பெரியம்மா" என்றேன். "தண்ணி படக் கூடாதுன்னு புள்ள சொல்லியிருக்கு."

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இது தண்ணியா? மஞ்சத்தண்ணி."

நான் கூடையை இறக்கி வைத்தேன்.

சூடம் கொளுத்தினார்கள். மூட்டத்தில் இரண்டு தரம் அணைந்தது. கங்காணி குடையைக் கொண்டுவந்து பிடித்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். தாயைப் பறிகொடுத்தவளைக் கிட்டே வர விடவில்லை. அவள் தூரத்தில் நின்று கும்பிட்டாள்.

"கேட்டுக்கிட்டேன்" என்றாள் பெரியம்மா என்னிடம். "ஒம் மக பாஸ்தான்."

ஏழாம் நம்பரில் போனுக்கு சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

மகள் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டாள். பையை இறக்கு முன் சொல்லிவிட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும்.

"எத்தன செடிக்கும்மா?"

"எல்லாத்துக்கும்னு சொல்றாங்க."

"மஞ்சள் கிருமியக் கொல்லும்மா" என்றாள்.

"எல்லாமேவா செத்திருக்கும்?"

"சாகாட்டியும் போச்சு. கொப்புளம் கொறஞ்சா மஞ்சளாலயா, என்னோட கிருமியாலயான்னு கேப்பாங்க. நான் என்னா சொல்லுவேன்?"

அவள் படித்தவள், அவளே என்னைக் கேட்கிறாள்.

இரண்டு பேரும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா வாசலில் நின்று சிரித்தாள்.

"ஒன்னு விடல பாப்பா. ஒன்னு விடாமத் தெளிச்சிட்டோம்."

"ரெண்டு தரம்" என்றாள் மருமகள் உள்ளேயிருந்து.

"விட்டுப்போனது ஏதாச்சும் இருக்குமா பெரியம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பெரியம்மாவின் முகம் சுருங்கியது. "எங்க மேல நம்பிக்க இல்லயா?"

"அய்யோ, அப்டி இல்ல பெரியம்மா" என்றாள் மகள். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

வெளிச்சம் போவதற்குள் மலைக்கு ஏறினோம். கானுக்கு மேலே எல்லா இலையிலும் மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தது. சூடம் எரிந்த இடம் கறுத்திருந்தது. மகள் குனிந்து பார்த்துக்கொண்டே கானைத் தாண்டினாள். அங்கேயே நின்றாள்.

"அம்மா. இங்க வாங்க."

கானுக்குக் கீழே மஞ்சள் இல்லை. ஓர் இலையில்கூட இல்லை. மூட்டத்தில் அந்தத் துணிகள் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை போலும். செடிகள் அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறார்கள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், ஒவ்வொன்றாக எண்ணினாள். பதின்மூன்று.

தேயிலைப் பெக்டரி வளைவில் கல்லின் மேல் ஏறி நின்றால் சிக்னல் வரும். அங்கே நின்று கெம்பஸில் அவளுக்குப் படிப்பிக்கும் மேடத்துக்குப் பேசினாள். சிங்களத்தில் பாதி, இங்கிலீஷில் பாதி. கடைசியில் மேடம் "கமக் நே" என்றது எனக்கும் கேட்டது. பரவாயில்லை என்று அர்த்தம். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா சொல்றாங்க?"

"பன்னெண்டு செடி சுத்தமா இருந்தாப் போதுமாம். அதுக்குக் கொறஞ்சா எழுத ஏலாது. அடுத்த மழைக்குத்தான்."

"பதிமூனு இருக்கே."

"இருக்கு. ஒன்னு கூடவே இருக்கு."

"இப்பவே பிச்சிருவமா?"

"ஏலாதும்மா. ஒவ்வொரு தரமும் காலையில எடுத்தது. அதே நேரம் எடுத்தாத்தான் சரி."

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பக்கத்துக் காம்பராக்காரி வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. மகள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் கோப்பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னால ஒனக்குக் கெட்டுப்போச்சா பாப்பா?"

"இல்லக்கா."

"எல்லாத்துக்கும் பட்டுச்சா? ஒழுங்காத் தெளிச்சாங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"கானுக்குக் கீழ இருக்கறதுக்கு மட்டும் படலக்கா. அது பரவால்ல. அப்டியே இருக்கட்டும். நீங்க போய்ச் சாப்பிட்டுப் படுங்க."

"ம்" என்றாள். கோப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். பாதிதான் குடித்திருந்தாள்.

"வெவரமாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"என்னான்னும்மா சொல்றது? நீங்க விழுந்ததால கெடல, மஞ்சத் தெளிச்சதாலதான் கெட்டுப்போச்சுன்னா? அவங்களே அம்மாவப் பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க."

அதுவும் சரிதான்.

காலையில் பெரட்டுக்கு முன்பே ஏறினோம். மூட்டம் இல்லை. அத்தனை மாதத்தில் அன்றுதான் மலை துலக்கமாகத் தெரிந்தது. தூரத்தில் கந்தப்பளை ரோட்டில் போகிற வேன்கூடத் தெரிந்தது. மகள் வாயைக் கட்டிக்கொண்டு முன்னால் போனாள். நான் ஐஸ் பெட்டியோடு பின்னால்.

குறுக்குப் பாதையில் பெரியம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள். தலை நனைந்திருந்தது. அந்தக் குளிரில் பீலித் தண்ணீரில் தலைக்குக் குளித்திருக்கிறாள். இடுப்பில் குடம். குடம் காலியாக இருந்தது, அவள் நடந்து வந்ததில் தெரிந்தது. பாதைக்குக் கீழே பக்கத்துக் காம்பராக்காரி நின்றிருந்தாள், கிட்டே வராமல், கையைக் கூப்பிக்கொண்டு.

"தப்பா நெனச்சுக்காத பாப்பா" என்றாள் பெரியம்மா. "ஒன்னு விடலன்னு ஒங்கிட்ட நேத்து அடிச்சுச் சொன்னேன். வயசாச்சு, மூட்டத்துல கண்ணு தெரியல. கானுக்குக் கீழ விட்டுப்போச்சுன்னு இந்தப் புள்ளதான் வந்து அழுதுச்சு. ராத்திரியெல்லாம் தூங்கலயாம். இப்பத்தான் போய்த் தெளிச்சிட்டு வாரேன்."

மகள் நின்றாள். வாயைக் கட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது.

"சரி பெரியம்மா" என்றாள்.

"இனி ஒனக்கு ஒரு கொறையும் வராது."

"சரி பெரியம்மா. போய்த் தலையத் தொவட்டுங்க. காச்ச வந்துரும்."

கீழே நின்றவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாய் செத்ததற்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

கானுக்குக் கீழே இலையெல்லாம் ஈரமாக இருந்தது. வெயில் பட்டு மஞ்சள் மினுங்கியது. மகள் கையுறை போட்டாள். ஸ்பிரிட் தடவினாள். எல்லாம் வழக்கம்போலச் செய்தாள். ஒரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். பன்னத்தை விலக்கி அடியிலும் பார்த்தாள். துணி அவிழ்ந்து விழுந்திருந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"எத்தன தப்பிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

அவள் கடைசிவரை போய்விட்டு, முதலிலிருந்து இன்னொரு தரம் எண்ணிக்கொண்டு வந்தாள்.

இரண்டு.